ஒச்சம்மாளின் வெயில் தட்டுகள்

திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியில் ஒச்சம்மாள் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதல்வரோடு ஒரு வாக்குவாதம். தொண்ணூற்று மூன்றாம் வருஷம். வேதியியல் துறைக் கதவில் ஆசிரியர்களின் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். "பேரைக் கொஞ்சம் நாகரிகமா மாத்திக்கலாமே, கெஜட்டுல போட்டா ஆச்சு" என்றார் முதல்வர்.

"எங்க ஆத்தா குலசாமிக்கு நேந்துக்கிட்டு வச்ச பேரு சார். கெஜட்டுல போட்டா சாமி கோவிச்சுக்கிரும். நீங்க சாமிகிட்டப் பேசிப் பாக்குறதுன்னா பாருங்க."

பலகையில் 'ஒச்சம்மாள், எம்.எஸ்ஸி.' என்றே எழுதினார்கள். அதே வருஷம் தாவரவியலில் சேர்ந்தவள் நான், ஜெஸ்ஸி. இந்தப் பெண்ணோடு பகைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதால் சிநேகிதியாகிவிட்டேன். மதியச் சாப்பாட்டில் அவள் டப்பாவிலிருந்து வெஞ்சனம் எடுக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

அவள் பிடித்தால் உடும்புப்பிடி. கல்லூரி நிறுத்தத்தில் நிற்காமல் போன டவுன் பஸ்ஸில் ஒருமுறை இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்து, டிப்போ வரைக்கும் போய், மேலாளரைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தாள். மறுநாளிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்றது. எங்களைப் பார்த்து நடத்துநர் முறைப்பது மட்டும் நின்றபாடில்லை, அது வேறு விஷயம்.

கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, இரண்டாயிரத்து ஒன்றில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். அப்போது 'நானோ' என்ற சொல் புதுசு. எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் அதைச் சொல்லாமல் ஒருவரும் மைக்கை விடமாட்டார்கள். ஒச்சம்மாள் எடுத்துக்கொண்டது டைட்டானியம் டையாக்சைடு. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற பொருள்தான். ஆனால் ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கான துகள்களை வரிசையாக நிறுத்தலாம் என்கிற அளவுக்கு அதைப் பொடிசாக்கினால் குணம் மாறிவிடும். அதன்மேல் வெயில் பட்டால், பக்கத்தில் இருக்கிற தண்ணீரிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு முரட்டுத் துணுக்கை உண்டாக்கும். கண் இமைக்கும் நேரம்கூட உயிரோடு இராத அது, எதிர்ப்பட்டதைக் கடித்துக் குதறிவிட்டுத்தான் அடங்கும். யாரைக் கடிக்கிறோம் என்று பார்க்காது.

"சாயத்தண்ணிய வச்சுப் பண்ணிருங்கம்மா, சாயம் போடுற சின்னாளபட்டி பக்கத்துலதான இருக்கு. நிறம் போச்சுன்னா கண்ணுக்கே தெரியும், சீக்கிரம் முடிச்சிரலாம்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். எல்லோரும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவளும் சரி என்று சாயத்தைத்தான் தொடங்கினாள். மருந்துக்கு மாறியது தயிரால்.

ஒச்சம்மாளின் பிறந்த வீடு நத்தம் ரோட்டில், சிறுமலையைப் பார்த்த ஒரு கிராமம். அம்மா பேச்சாயி, தம்பி பாண்டியராஜ், தம்பி மனைவி புவனேஸ்வரி. பாண்டியராஜ் காய்கறி வெள்ளாமையில் கையைச் சுட்டுக்கொண்டு, கம்பெனி காண்ட்ராக்டில் கறிக்கோழி ஷெட் போட்டிருந்தான். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். வளர்த்து, லாரியில் ஏற்றிவிட வேண்டியது இவன் வேலை. ஒருமுறை குஞ்சு இறக்கி, வளர்த்து, லோடு ஏற்றுவது வரை ஒரு பேட்ச்.

இரண்டாயிரத்து மூன்றின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் அவளோடு பஸ் ஏறினேன். நாட்டுக்கோழிக் குழம்பு என்று ஆசை காட்டியிருந்தாள். கறிக்கோழி வளர்க்கிற வீட்டில் தங்களுக்கு என்று நாட்டுக்கோழிதான் அடிப்பார்கள். குழம்பு பிரமாதம். கடைசியில் மோர்ச்சோற்றுக்குத் தயிர் கேட்டேன்.

"தயிரா? நல்லாக் கேட்டீக போங்க" என்றாள் பேச்சாயி. "இவ உறை ஊத்துனா விடிஞ்சும் பாலு பாலாவே கெடக்கும். கைராசி அம்புட்டு. மந்திரிச்சுக் கயிறு கட்டியும் பாத்தாச்சு."

புவனேஸ்வரி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது. அவள் தலையைத் தூக்கவே இல்லை. விருந்துக்கு வந்த இடத்தில் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

ஒச்சம்மாள் எச்சில் கையோடு எழுந்து மாட்டுக்கொட்டத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தொட்டியில் மஞ்சளாகத் தண்ணீர்.

"ஏலே பாண்டி, இது என்னடா?"

"கோழிக்குக் கலக்குன மருந்துத் தண்ணிக்கா. மறுநாளுக்கு ஆகாது, வேகம் போயிருமாம். டிரம்முல மிஞ்சுனதக் கீழ ஊத்துனா வீணாப் போகுமேன்னு மாட்டுக்கு வச்சேன். சத்துதான?"

ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கழுநீரைக்கூடக் கீழே கொட்டாத வம்சம். விலையுள்ள மருந்தைக் கொட்டுவார்களா? ஆனால் பால் தயிராவது என்பதே கிருமிகள் பார்க்கிற வேலை. நல்ல கிருமிகள். அந்தத் தண்ணீரில் கலந்த மஞ்சள் தூளோ கிருமியைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து. மாடு குடித்தது பாலில் இறங்கி, உறைமோரில் இருந்த கிருமிகளை ஒழித்துக்கட்டியிருக்கிறது.

அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவியிடம் ஒரு டம்ளர் பால் வாங்கி, சொந்த மாட்டின் பாலையும் ஒரு டம்ளரில் எடுத்து, இரண்டுக்கும் ஒரே உறைமோரைப் புவனேஸ்வரியின் கையாலேயே ஊற்ற வைத்துவிட்டு வந்தாள் ஒச்சம்மாள். மறுநாள் காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"மதினி, அவுக வீட்டுப் பாலு கெட்டியா உறைஞ்சிருச்சு மதினி. நம்ம பாலு அப்புடியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் புவனேஸ்வரி அழுதாளாம். பேச்சாயியோ, "நான் அப்பவே நெனச்சேன், மாட்டுலதான் கோளாறுன்னு" என்றாளாம். இந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாளின் கோழிக்குழம்பை நான் இரண்டு மாதம் புறக்கணித்தேன்.

இதோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் மாட்டுக்கு வைக்காத தண்ணீரைப் பாண்டியராஜ் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் ஊற்றினான். வாய்க்கால் போய் நிற்கிற பள்ளம் கிணற்றை ஒட்டி இருந்தது. பாண்டியராஜ் வீடும், ஜெய்தூன் பீவி வீடும், அதற்கு அடுத்த வீடும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

"மாட்டுக்கு ஆகாததக் கெணத்துக்கு ஊத்துறியா?" என்றாள் ஒச்சம்மாள்.

"கெணத்துல எம்புட்டு எறங்கப் போகுது? அதக் குடிச்சுச் செத்தவுக யாரும் இருக்காகளா?"

"செத்தாத்தான் தப்பாடா? கொஞ்சூண்டு மருந்து தெனமும் போனா, அதுல சாகாத கிருமிதான் மிஞ்சும். அதுதான் பெருகும். நாளைக்கு ஒன் பிள்ளைக்கு அந்தக் கிருமியில காச்சல் வந்தா, டாக்டரு குடுக்குற மருந்து கேக்காது."

புவனேஸ்வரிக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. பாண்டியராஜுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோழி அவனுக்குச் சோறு. "கோழிய வுட்டுரச் சொல்றியா?" என்றான்.

"வுடச் சொல்லல. மிஞ்சுற தண்ணியச் சுத்தம் பண்ணி ஊத்துவோம். வெயில் பண்ணிக் குடுக்கும். எங்கிட்ட அதுக்குப் பொருள் இருக்கு."

அவன் ஒரு நிபந்தனை போட்டான். அடுத்து வருகிற ஒரு பேட்ச் மட்டும். குஞ்சு இறக்கியதிலிருந்து லோடு ஏற்றும் வரை. அதற்குள் தண்ணீர் சுத்தமாகாவிட்டால் சாமானையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், அப்புறம் மருந்தைப் பற்றியும் பேசக்கூடாது, கிணற்றைப் பற்றியும் பேசக்கூடாது.

"சரி" என்றாள் இவள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் திட்டித் தீர்த்தேன். ஆராய்ச்சியில் யாராவது பந்தயம் கட்டுவார்களா? தோற்றால் கிணற்றுக்காகப் பேச அந்த வீட்டில் ஒரு நாதி இருக்காது. "அதான் தோக்கக் கூடாது" என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் சாயத்தை விட்டுவிட்டு மருந்துக்கு மாறுகிறேன் என்றாள். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். லேப்பில் செய்யுங்கள், போதும், கோழி ஷெட்டுக்குப் போய் மானத்தை வாங்காதீர்கள் என்றார். லேப்பில் செய்தாள். வடிநீரில் மருந்தைக் கலந்து, பொடி பூசிய கண்ணாடியின்மேல் விட்டு, விளக்கு வெளிச்சம் காட்டினால், கருவியில் மருந்தின் அளவைக் காட்டும் கோடு சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. ஷெட்டுக்கும் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுகளை வாங்கி வந்து, கரைசலில் முக்கி எடுத்து, துறையில் இருந்த சின்ன உலையில் சுட்டாள். உலைக்குள் நாலைந்து துண்டுதான் கொள்ளும். மாசி மாதம் முழுக்க இதுவே வேலை. கல்லூரி விட்ட பிறகு அவளும் நானும் உட்கார்ந்து முக்குவோம். தாவரவியல்காரிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு, அப்பளம் போடுகிறோம் என்று சொல்லிவைத்தேன். சுட்டு எடுத்தால் கண்ணாடிமேல் மெல்லிய வெண்படலம் நிற்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது.

பாண்டியராஜின் ஷெட்டை ஒட்டிய மோட்டார் ரூம் மொட்டைமாடியில் இரண்டு தகரத் தட்டுகளைச் சரிவாகப் பொருத்தினோம். ஒன்றில் பூசிய கண்ணாடித் துண்டுகள். இன்னொன்றில் வெறும் கண்ணாடி, ஏனென்றால் வெறும் வெயிலிலேயே மருந்து கொஞ்சம் கெடும், அந்தப் பெருமையைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை. மேலே ஒரு டிரம். அதிலிருந்து மருந்துத் தண்ணீர் மெல்லிசாக இறங்கி, தட்டின்மேல் வெயிலில் பரவி, கீழே வாளியில் விழும். வாளியில் விழுந்ததை மறுபடி மேலே ஊற்ற வேண்டும். பகல் பூராவும் அதைப் புவனேஸ்வரி செய்தாள்.

கிராஃபைக் காட்டினால் பாண்டியராஜ் நம்பமாட்டான். அதனால் தயிரையே சாட்சியாக வைத்தாள். வாளித் தண்ணீரில் பால்பவுடரைக் கரைத்து, வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினால், மருந்து இருக்கிறவரை உறையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஊர்க் குழாய்த் தண்ணீரில் கரைத்த டம்ளர் ஒன்று.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊர்த் தண்ணீர் டம்ளர் நன்றாக உறைந்தது. வெறும் கண்ணாடி டம்ளர் பாலாகவே கிடந்தது. பூசிய கண்ணாடி டம்ளரும் பாலாகவே கிடந்தது.

மறுவாரமும் அப்படியே. துண்டுகளைக் கழற்றி, கழுவி, சாய்வைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் துண்டுகள் சுட்டுச் சேர்த்துப் பார்த்தாள். பால் பாலாகவே இருந்தது. அதே துண்டை லேப்புக்குக் கொண்டுவந்து, அதே மஞ்சள் தூளைத் தானே கரைத்து விட்டால் அருமையாக வேலை செய்தது. ஷெட்டில் மட்டும் முரண்டு பிடித்தது. கோழிகள் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தன. லோடு ஏற்ற அதிக நாள் இல்லை.

"என்னக்கா, ஒன் வெயிலுக்கு எங்க ஊரு புடிக்கலையா?" என்று பாண்டியராஜ் நக்கலடித்தான். திரும்பும்போது ஒச்சம்மாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஜெஸ்ஸி, பயமா இருக்குடி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு. நான் மாடிக்கு ஏறியபோது ஒச்சம்மாள் தட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். வெயிலில் முகம் கறுத்து, தலைமுடி பறந்து, பார்க்க அவளும் ஒரு குலசாமி போலத்தான் இருந்தாள்.

"இங்க பாரு" என்றாள்.

டிரம்மின் குழாய்வாயைச் சுற்றி எறும்பு. மோட்டார் ரூம் சுவர் வழியாக வரிசை கட்டி ஏறி வந்திருந்தது.

"மருந்து கசப்புதான? கசப்புக்கு எறும்பு வருமா?"

விரலைக் குழாயில் நனைத்து நாக்கில் வைத்தாள். நான் பதறினேன். அவள் துப்பிவிட்டு, கீழே பார்த்து, சிறுமலைக்கே கேட்கிற மாதிரி "ஏலே பாண்டீ!" என்று கத்தினாள்.

பாண்டியராஜ் திருதிருவென்று விழித்தான். அப்புறம் சொன்னான். மருந்துத் தண்ணீர் கசக்கிறது, கோழி மூக்கை வைத்துவிட்டுத் தள்ளிப் போகிறது. அதனால் கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினால்தான் குடிக்கும். ஊரில் எல்லா ஷெட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. இனிப்பு குழாயை அடைக்கும், கோழிக்குக் கழிச்சல் வரும் என்று கம்பெனி சூப்பர்வைசர் உடையப்பன் கண்டிப்பாகத் தடை போட்டிருந்தார். அதனால் வெளியே மூச்சு விடுவதில்லை.

"அவருகிட்டச் சொல்லாதடா. எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீ மருந்தத்தான கேட்ட? கருப்பட்டியக் கேக்கலையே."

நான் சிரித்துவிட்டேன். ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. அவள் பொடிக்கு ஆள் பார்த்துக் கடிக்கத் தெரியாது என்று சொன்னேனே. டிரம்மில் மருந்து சிட்டிகை, கருப்பட்டி கட்டி கட்டியாக. மருந்துத் தண்ணீரே நேரம் ஆக ஆகப் பழுப்பேறும் என்பதால் நிறத்தை அவள் சந்தேகிக்கவில்லை. தட்டில் பிறந்த அத்தனை முரட்டுத் துணுக்கும் கருப்பட்டியைக் கடித்துத் தீர்த்துவிட்டு ஓய்ந்துபோயிருக்கிறது. மருந்து அலுங்காமல் இறங்கி வாளிக்குப் போயிருக்கிறது. இத்தனை நாளும் கருப்பட்டிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

"கருப்பட்டிய நிறுத்து."

"கோழி குடிக்காதுக்கா."

"தாகம் எடுத்தா குடிக்கும். மருந்து வைக்கிறதுக்கு முந்தி செத்த நேரம் தண்ணியக் காட்டாத. அதுவும் குடிக்கிற அளவுக்குத்தான் கலக்கு. மிச்சமே கொஞ்சமாத்தான் இருக்கும்."

"வெக்கையில கோழி செத்துப்போனா?"

"காலையில வெயிலு ஏறுறதுக்குள்ள பண்ணு. நான் வந்து நிக்கிறேன்."

நின்றாள். ஒரு வாரம் லீவு போட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய் ஷெட்டுக்குள் கோழிகளோடு கோழியாக நின்றாள். தண்ணீர்க் கிண்ணங்களைத் தூக்கிக் கட்டியதும் கோழிகள் கத்திய கத்தலில் பேச்சாயி, "பாவம்டி, வாயில்லாச் சீவன்" என்று வாசலில் நின்று இவளைச் சபித்தாள். திரும்ப இறக்கியதும் கசப்பையும் பாராமல் முண்டியடித்துக் குடித்தன. ஒரு கோழியும் சாகவில்லை. மிஞ்சிய தண்ணீர் கருப்பட்டி இல்லாமல் தட்டில் இறங்கியது. புவனேஸ்வரி வாளி வாளியாக மேலே ஊற்றினாள். படி ஏறாதே என்று சொன்னாலும் கேட்கவில்லை. "எனக்கும் பாக்கணும் மதினி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை உறை ஊற்றி வைத்த டம்ளர்களை மறுநாள் காலையில் எல்லோரும் சுற்றி நின்று திறந்தோம். ஊர்த் தண்ணீர் உறைந்திருந்தது. வெறும் கண்ணாடி உறையவில்லை. மூன்றாவது டம்ளரைப் பாண்டியராஜே எடுத்துச் சாய்த்தான். அசையவில்லை. இன்னும் சாய்த்தான். கெட்டித் தயிர். பேச்சாயி விரலை விடப் போனாள். "ஆத்தா! திங்கிறதுக்கில்ல!" என்று ஒச்சம்மாள் கையைத் தட்டிவிட்டாள். உடைந்த மருந்து என்னென்னவாக மாறியிருக்கிறது என்று லேப்பில் பார்த்து முடிக்க இன்னும் வருஷங்கள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் புவனேஸ்வரியும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் சும்மா நின்றேனா? நானும் போய் ஒட்டிக்கொண்டேன்.

பாண்டியராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்: "அப்ப இனிமே கவலையே இல்லக்கா. நோவு இல்லாட்டியும் வாரா வாரம் மருந்து குடுங்க, எடை நல்லா ஏறும்னு உடையப்பன் சாரு சொல்லிக்கிட்டே இருக்காரு. கெணத்த நெனச்சுத்தான் யோசிச்சேன். இப்பத்தான் தண்ணி சுத்தமாயிருதே. அடுத்த பேட்ச்ல இருந்து தாராளமாக் குடுத்துரலாம்."

ஒச்சம்மாளின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். நானும் பாண்டியராஜும் பின்னாலேயே ஓடினோம். அவள் தட்டின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற? நீதான ஜெயிச்ச?"

"ஒனக்குத் தைரியம் குடுக்கவாடா நான் இதச் செஞ்சேன்?" என்றாள். "டிரம்முல மிஞ்சுனத வெயில்ல வச்சாச்சு. கோழி குடிச்சத எந்த வெயில்ல வைப்ப? அந்தக் கோழியத் திங்கிறவுகள எங்க கொண்டு போயிக் காயவைப்ப? நோவுக்கு மருந்து குடு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன். சும்மா குடுக்கிறதுக்கு என் தட்டு கெடையாது."

"எடை கொறஞ்சா கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் கழற்றுவதை நிறுத்தவில்லை. ஒரு தட்டு கையோடு வந்துவிட்டது. இத்தனை மாதப் பாடு, சுட்ட விரல்கள், எல்லாம் என் கண்முன்னால் பிரிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாண்டியராஜ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கீழே ஷெட்டின் கதவுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். புவனேஸ்வரி மருந்துப் பெட்டியை மேடிட்ட வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாண்டியராஜ் கூப்பிட்டான். அவள் நிற்கவில்லை. உள்ளே இரும்புப் பெட்டி திறந்து மூடுகிற ஓசை வந்தது. பிறகு வெளியே வந்து முற்றத்தில் நின்று, எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சாவியை மஞ்சக்கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கோழிக்கு நோவு வந்தா வந்து சொல்லுங்க, நானே பாத்துட்டுத் தொறந்து தாரேன். எடைக்குன்னா எங்கிட்டச் சாவி இல்ல. உடையப்பன் சாரு கேட்டா எங்கிட்ட அனுப்புங்க."

பாண்டியராஜ் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அம்மாவைத் தேடினான். பேச்சாயி வாசலில் நின்றுகொண்டு, "எம் மருமக சொன்னாச் சொன்னதுதான்" என்றாள்.

அவன் குனிந்து, கழற்றிப்போட்ட தட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். மறுமுனையை ஒச்சம்மாள் பிடித்துக்கொண்டு, போல்ட்டைத் திரும்பவும் மாட்ட ஆரம்பித்தாள்.